போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒரு கேமரா: புதுச்சேரியிலிருந்து ஒரு பார்வை

2025 ஜனவரி 30 அன்று இந்தியக் கடற்படையின் பாய்மரக் கப்பலான ஐ.என்.எஸ்.வி. தாரிணி, தென் பசிபிக்கில் நீமோ முனையைக் கடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மிக அருகிலுள்ள கரை ஏறத்தாழ 2,690 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இடம் அது. கப்பலில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, நம் புதுச்சேரிப் பெண். 17 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலில் சுக்கான் பிடிப்பதும் அவர்கள்தாம், சமைப்பதும் அவர்கள்தாம், கிழிந்ததைத் தைப்பதும் அவர்கள்தாம். 2024 அக்டோபர் 2இல் கோவாவில் புறப்பட்டு 2025 மே 29இல் அங்கேயே திரும்பிய அந்த உலகச் சுற்றில், நடுக்கடலில் படம் எடுக்க வேறு யாரும் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்த தென்கடலைப் பற்றி நமக்குக் கிடைத்த காட்சிகள், கயிறு இழுத்துக் காய்த்த கைகள் ஓய்ந்த நேரத்தில் எடுத்தவை.

போர்க்கப்பலுக்கு வேறு வேலையாகப் போனவர் தன் சொந்த ஆசையால் எடுக்கும் இத்தகைய படங்களுக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. தமிழில் இவற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. கடற்படைகளுக்கென்று பயிற்சி பெற்ற படப்பிடிப்பாளர்கள் உண்டு. அவர்கள் எடுக்கும் படங்களில் கப்பல் இருக்கும், பீரங்கி இருக்கும், அணிவகுப்பு இருக்கும், வந்துபோன அமைச்சர் இருப்பார். ஆறு மாதம் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருந்த மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள், எங்கே துணி காயப்போட்டார்கள், கடிதம் வராத நாளில் எப்படி முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள் என்பவை அவற்றில் இருக்காது. அதற்கான ஒரே கண்சாட்சி கப்பலாளின் சொந்தப் படம். அந்தச் சாட்சியைத் தேடிச் சேர்க்கும் கடமையும் வசதியும் தமிழ் பேசும் ஊர்களில் வேறு எதையும்விடப் புதுச்சேரிக்கு அதிகம் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லப் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் ஊரின் அமைப்பு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிக்குக் கப்பல் அணையும் துறைமுகம் இருந்ததில்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் சலங்குப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வர வேண்டும். 1866இல் இரும்புப் பாலம் கட்டினார்கள். அப்போதும் பெரிய கப்பல் தூரத்தில்தான் நிற்கும். அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோயிற்று. அதனால் கரையில் நின்று எடுத்த பழைய படங்களில் கப்பல் தொடுவானத்தில் ஒரு கோடு. கப்பலில் நின்று எடுத்த படங்களில் ஊர் ஒரு கோடு: கலங்கரை விளக்கம், கப்ஸ் கோயிலின் இரட்டைக் கோபுரம், தென்னந்தோப்பு, அவ்வளவே. கப்பலுக்கும் ஊருக்கும் இடையே இருந்த அந்த நீர்ப்பரப்பு, இரு தரப்பு நினைவுகளையும் பிரித்தே வைத்திருந்தது. கடற்கரைச் சாலையில் தினமும் நடக்கும் நமக்கு, எதிரே நின்ற கப்பல்களின் உள்ளே என்ன நடந்தது என்பது இன்றும் தெரியாத கதை.

அந்தக் கப்பல்களில் கேமரா வெகு சீக்கிரமே ஏறிவிட்டது. தாகேர் தன் முறையை உலகுக்கு அறிவித்தது 1839இல். ஐந்தே ஆண்டில், 1844 அக்டோபர் 24 அன்று, சீனாவின் வாம்போவா நங்கூரத்தில் நின்ற அர்க்கிமேத் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒருவர் கேமராவை நிறுத்தியிருந்தார். பெயர் ழூல் இதியே. சுங்கத்துறை அதிகாரி. வணிகம் பற்றி அறிக்கை எழுதுவதற்காகத் தூதுக்குழுவோடு அனுப்பப்பட்டவர். படம் எடுப்பது அவருடைய சொந்த ஆசை. பிரான்சும் சீனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அன்று தூதர் லக்ரேனே, அட்மிரல் செசில், சீனப் பேராளர் கியிங் ஆகியோரை உட்காரவைத்து எடுத்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்துத் திறந்து, பாதரச ஆவியில் உருவம் வரவழைக்கும் வேலை அது. பிரதி எடுக்க முடியாது. ஒரு தகடு, ஒரு படம். வலது இடதாகத் தெரியும். எதிரே இருப்பவர்கள் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். மனிதரை அசையாமல் இருக்கச் சொல்லலாம், கப்பலை யார் நிறுத்துவது? நங்கூரம் போட்டு ஆற்று நீரில் நின்றதால் அது முடிந்தது. இதியேயின் தகடுகள் இன்று பிரான்சில் பியேவ்ர் ஊரிலுள்ள புகைப்பட அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சீனாவில் எடுத்து எஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்படங்கள் அவை. ஒரு நாட்டின் எஞ்சியுள்ள முதல் படங்களை ஒரு சுங்க அதிகாரி போர்க்கப்பலில் போய் எடுத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து வந்தது ஈரக் கொலோடியன் முறை. 1851இல் அறிமுகமான இந்த முறையில் கண்ணாடித் தகட்டில் பசை போன்ற கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டில் கழுவ வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். ஈதர் நாற்றம் வீசும் இருட்டறை ஒன்றைக் கப்பலுக்குள் ஒதுக்க வேண்டும். நன்னீர் அளந்து கொடுக்கப்படும் இடத்தில் தகடு கழுவ நீர் கேட்க வேண்டும். தகட்டில் உப்புநீர் தெறித்தால் வெள்ளி உடனே வினைபுரிந்து படம் கெட்டுவிடும். இத்தனைக்கும் நடுவில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போல்-எமில் மியோ 1857இல் அர்தான் கப்பலில் போய் நியூஃபவுண்ட்லாந்துக் கரையை எடுத்தார். 1868 தொடங்கிப் பசிபிக்கில் அஸ்த்ரே கப்பலில் தீவுகளையும் தீவு மக்களையும் எடுத்தார். கடல்வரைபடம் வரைவதற்குக் கரையின் தோற்றம் உதவும் என்பதால் மேலிடம் ஒத்துக்கொண்டது. ஆனால் கரையை எடுக்கப் போனவர் கப்பலாள்களையும் எடுத்தார் என்பதுதான் நமக்குக் கிடைத்த லாபம். பின்னாளில் வைஸ் அட்மிரலாகி, பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளரானார்.

இந்தத் தலைமுறையில் என்னை மிகவும் தொடுகிறவர் குஸ்தாவ் வியோ. கடற்படை மருத்துவர். 1838இல் பிறந்தவர். தாஹித்தித் தீவில் 1859 முதல் 1862 வரை பணியில் இருந்தபோது எடுத்த படங்கள் அத்தீவைப் பற்றி எஞ்சியுள்ள மிகப் பழைய படங்களில் சேரும். அக்காலக் கப்பல்களில் மருத்துவர்களுக்குப் படமெடுக்கும் ஆசை வந்ததற்குக் காரணம் எளிது. புண்ணைச் சுட்டு ஆற்ற வெள்ளி நைட்ரேட்டும், மயக்கத்துக்கு ஈதரும் அவர்கள் பெட்டியிலேயே இருந்தன. மருந்து அளந்து கலக்கப் பழகிய கை, ரசாயனம் கலக்கத் தயங்காது. குஸ்தாவ் பின்னர் இந்தோசீனாவுக்குப் போனார். அங்கே உடல் கெட்டு, 1865இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். அந்தக் கடல் நம் வங்கக்கடல்.

அவருடைய தம்பி ஜூலியனுக்கு அப்போது பதினைந்து வயது. அண்ணன் வழியில் கடற்படையில் சேர்ந்தார். பியேர் லோத்தி என்ற புனைபெயரில் பிரெஞ்சு இலக்கியத்தில் புகழ் பெற்றவர் அவர்தான். தொடக்கத்தில் லோத்தி படம் வரைகிறவர். 1872இல் ஃப்ளோர் என்ற கப்பலில் ஈஸ்டர் தீவுக்குப் போனபோது அங்குள்ள கற்சிலைகளை வரைந்தார். கேமராவைக் கையில் எடுத்தது 1894 வாக்கில், நாற்பது வயது தாண்டிய பிறகு. அதற்குள் உலர்தகடும் சுருள் ஃபிலிமும் வந்து, இருட்டறையைக் கூடவே சுமக்கும் துன்பம் தீர்ந்திருந்தது. 1899 இறுதியில் இந்தியா புறப்பட்ட லோத்தி, இலங்கை, திருவிதாங்கூர், மதுரை, ஸ்ரீரங்கம் எல்லாம் பார்த்துப் புதுச்சேரிக்கு வந்தார். சிறு வயதில் வீட்டில் கேட்டு மனத்தில் பதிந்த ஊர்ப்பெயர்களில் ஒன்று என்பதால் இந்த ஊர்மேல் அவருக்குத் தனி ஏக்கம். 1903இல் வெளிவந்த அவரது இந்தியப் பயண நூலில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. நாம் அந்த எழுத்தை இன்றும் பேசுகிறோம். அவர் ஒரு கடற்படை அதிகாரி, கப்பலிலும் கரையிலும் நூற்றுக்கணக்கில் படமெடுத்தவர், அந்தப் படங்கள் பிரான்சில் தனி நூலாகவே வந்துள்ளன என்பதை நம் ஊரில் அதிகம் பேர் அறியமாட்டார்கள். அண்ணன் கண்ணாடித் தகட்டோடும் தம்பி கைக்கேமராவோடும் கடலில் திரிந்த அந்த நாற்பது ஆண்டுக்குள் போர்க்கப்பல் புகைப்படத்தின் முதல் பருவம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இரண்டாம் பருவத்தில் கேமரா அதிகாரியின் அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கியது. 1888இல் ஈஸ்ட்மனின் கோடாக், 1900இல் ஒரு டாலர் பிரவுனி, 1912இல் சட்டைப்பையில் அடங்கும் வெஸ்ட் பாக்கெட் கோடாக். விலை குறையக் குறைய, கணக்கர், தந்தி அடிப்பவர், கரி அள்ளிப் போடுகிறவர் என எல்லோர் கைக்கும் வந்தது. இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த படமாக நான் கருதுவது 1914 டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்துத் தீவுக்கு அருகே எடுக்கப்பட்டது. பிரிட்டனின் இன்வின்சிபிள் கப்பலில் கணக்குப் பிரிவு இளம் அதிகாரியான டக்வொர்த், பின்பாய்மரத்தின் உச்சி மேடையிலிருந்து எடுத்தார். ஜெர்மனியின் நைசனாவ் மூழ்கி முடிந்துவிட்டது. நீரில் புள்ளி புள்ளியாகத் தலைகள். தூரத்தில் இன்ஃப்லெக்சிபிள் கப்பல் அசையாமல் நிற்க, அதன் படகுகள் அந்தத் தலைகளை நோக்கிப் போகின்றன. சண்டைப் படம் என்றால் புகையும் நெருப்பும் என்று நினைப்போம். இதில் இரண்டும் இல்லை. சற்று முன்புவரை பகைவராக இருந்தவரைக் குளிர்ந்த நீரிலிருந்து தூக்கும் வேலை மட்டுமே இருக்கிறது. எந்த மேலதிகாரியும் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டார். வேலை முடிந்து கை சும்மா இருந்த ஒருவர் கீழே பார்த்ததால் கிடைத்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1916 மே 31இல், ஜட்லாந்துச் சண்டையில் இன்வின்சிபிள் வெடித்து இரண்டாகப் பிளந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்க, ஆறே பேர் தப்பினர். முனையும் வாலும் தனித்தனியே நீருக்குமேல் நிமிர்ந்து நிற்கும் அந்தக் காட்சியும் கடந்துபோன கப்பலிலிருந்து படமாயிற்று.

அரசுகள் விழித்துக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். 1914 அக்டோபர் 27 அன்று அயர்லாந்தின் வடகரைக்கு அப்பால் கண்ணிவெடியில் சிக்கி ஆடேஷியஸ் என்னும் புத்தம்புதிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கியது. பிரிட்டிஷ் கடற்படை அந்தச் செய்தியைப் போர் முடியும்வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் உதவிக்கு வந்த ஒலிம்பிக் பயணக் கப்பலின் மேல்தளத்தில் அமெரிக்கர்கள் கேமராவோடு நின்றிருந்தார்கள். சில வாரங்களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் படம் வந்துவிட்டது. அரசு மறைத்ததைப் பொழுதுபோக்குக் கேமரா காட்டிக்கொடுத்த முதல் பெரிய நிகழ்ச்சி இது. பிரிட்டன் போர்முனையில் தனிக் கேமராக்களைத் தடுக்கத் தொடங்கியது. பிரான்சில் வேறு கதை. ‘லெ மிருவார்’ வார இதழ் மிகச் சிறந்த போர்ப் படத்துக்கு 30,000 பிராங்க் பரிசு அறிவித்து, வீரர்களின் கேமராக்களையே தன் நிருபர்களாக்கிக்கொண்டது. 1915இல் பிரெஞ்சு ராணுவம் தனக்கென்று புகைப்படப் பிரிவை அமைத்தது. வீரர்களின் படங்களைத் தடுப்பதைவிட அவற்றோடு போட்டியிடுவதும், முடிந்தால் சேர்த்துவைப்பதும் மேல் என்ற எண்ணம் அதில் இருந்தது. இந்த இரண்டாவது வழியே அறிவார்ந்தது என்று நினைக்கிறேன். முதல் உலகப் போரில் பிரெஞ்சுத் தரப்புச் சாதாரண வீரனின் வாழ்க்கை இன்று நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவதற்கு அந்த நெகிழ்வும் ஒரு காரணம்.

கப்பலில் படம் எடுப்பதன் சிரமங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தைப் படிக்க அது உதவும். தரையில் கேமராவை முக்காலியில் நிறுத்தினால் ஆடாது. கப்பலில் முக்காலியும் சேர்ந்து ஆடும். இயந்திரத்தின் அதிர்வு தளத்தின் வழியே ஏறும். ஆகவே அனுபவப்பட்டவர் கைப்பிடிச் சுவரில் சாயமாட்டார். முழங்காலைத் தளர்த்தி, உடம்பையே ஆட்டத்துக்கு விட்டு, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து முடித்து மறுபக்கம் திரும்பும் அந்தக் கணநேர நிலையில் பொத்தானை அழுத்துவார். வெயில் மேலிருந்தும் நீரிலிருந்தும் அடிப்பதால் வெள்ளைச் சீருடை வெளுத்துப்போய், கறுத்த முகம் இன்னும் இருண்டு விழும். பழைய கப்பல் படங்களில் தமிழ், மலகாசி, ஆப்பிரிக்க முகங்கள் அடையாளம் தெரியாமல் இருப்பதற்கு எடுத்தவரின் அலட்சியம் பாதி, இந்த ஒளி பாதி. தொடுவானம் சாய்ந்திருந்தால் குறை என்று ஸ்டூடியோக்காரர் சொல்வார். கப்பல் படத்தில் அது சான்று. அன்று கடல் எவ்வளவு கொந்தளித்தது என்பதை அந்தச் சாய்வே சொல்லிவிடும். உப்புக்காற்று லென்ஸின்மேல் மெல்லிய படலமாக இறங்கும். குளிர்பதன அறையிலிருந்து திடீரென மேல்தளத்துக்கு வந்தால் லென்ஸ் வியர்க்கும். ரோலைக் கழுவ அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வெப்பத்தில் ஃபிலிமில் மூட்டம் விழுந்துவிடும். இத்தனையும் தாண்டி ஒரு படம் ஆல்பத்துக்கு வந்திருக்கிறது என்றால் அதை எடுத்தவர் அதற்காக மெனக்கெட்டிருக்கிறார்.

எதை எடுத்தார்கள்? உலகெங்கும் உள்ள ஆல்பங்களில் திரும்பத் திரும்ப வருவது நிலநடுக்கோட்டைத் தாண்டும் சடங்கு. முதன்முறை கோட்டைத் தாண்டுகிறவருக்குக் கடலரசன் வேடமிட்ட மூத்தவர் ‘சவரம்’ செய்து தொட்டியில் முக்கியெடுப்பார். அன்று ஒரு நாள் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் பேதமில்லை. அதனால்தான் அதற்கு இவ்வளவு படம். அடுத்து நாய், பூனை, குரங்கு. அடுத்து துறைமுகத்து நண்பர்கள். இறுதியாக, துணி போர்த்திய ஓர் உடல் பலகையில் கிடக்க, தொப்பியைக் கழற்றி நிற்கும் வரிசை. கடலில் அடக்கம் செய்தவருக்குக் கல்லறை கிடையாது. குஸ்தாவ் வியோவைப் போலப் போனவர்களின் குடும்பத்துக்கு, அப்படி ஒரு படம் கிடைத்தால் கல்லறைக்குப் பதில் அதுதான்.

தமிழர் இதில் எங்கே என்று கேட்கலாம். கடலும் கேமராவும் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார். அவர் போனது பயணிகள் கப்பல். நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்கு சமாரியா கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, 1937 அக்டோபர் 2 அன்று, காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. போர்க்கப்பல் தமிழர்கள் வேறு வகை. அவர்கள் எழுத்தாளர் அல்லர், எடுத்த படத்தை அச்சிட்டவரும் அல்லர். அவர்களைத் தேடினால் புதுச்சேரியில்தான் அதிகம் கிடைப்பார்கள்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவரைச் சொல்தா என்பது இந்த ஊர் வழக்கு. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்தின்முன் பதக்கம் அணிந்து நிற்கும் முதியவர்களைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தரைப்படை. சிலர் கடற்படை. தரைப்படைக்காரரும் கடல் தாண்டித்தான் போனார்கள். இந்தோசீனப் போருக்குப் பிரான்சிலிருந்து ஆளேற்றிச் சென்ற பாஸ்தேர் போன்ற கப்பல்கள் வீரர்களுக்கு வாரக்கணக்கில் வீடாக இருந்தன. இவர்களின் பெட்டிகளில் கறுப்புத் தாள் ஒட்டிய ஆல்பங்கள் உண்டு. முக்கோண மூலைகள் செருகி, படத்தின் பின்புறம் ஊதா மையில் துறைமுகத்து ஸ்டூடியோ முத்திரையோடு இருக்கும். கீழே பிரெஞ்சில் ஓர் ஊர்ப்பெயர், ஓர் ஆண்டு. கூட நிற்பவரின் பெயர் பெரும்பாலும் இராது, எடுத்தவருக்கு அது மறக்கக் கூடியதாகத் தோன்றியிருக்காது. அவர் போய்விட்டால் அந்த முகங்களை அறிந்தவர் யாரும் இல்லை.

இன்னொரு பக்கம் இந்தியக் கடற்படை. இந்த ஊரின் பெயரையே தாங்கிய ஐ.என்.எஸ். பாண்டிச்சேரி 1978இல் பணியில் சேர்ந்தது. சோவியத் நாட்டில் கட்டிய கண்ணிவாரிக் கப்பல். இந்தியாவில் அந்த வகைக் கப்பல்களுக்கு அதன் பெயரே வகைப்பெயராயிற்று. அதே வகையில் 1987இல் வந்த ஐ.என்.எஸ். கடலூர் 2018இல் ஓய்வு பெற்றது. அதைப் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் இறக்கி, நீரில் மூழ்கிப் பார்க்கும் அருங்காட்சியகமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கண்ணிவாரி சிறிய கப்பல். நெருக்கமான வாழ்க்கை. முப்பது ஆண்டில் எத்தனையோ மாலுமிகள் மாறி மாறி அதில் இருந்திருப்பார்கள். அந்த ஆண்டுகளில் சாதாரணக் குடும்பத்துக்கும் கேமரா எட்டியிருந்தது. கப்பலின் உடலைக் கடலடிக்குக் கொடுக்க எண்ணினோம், சரி. அதன் உயிரைக் காட்டும் படங்கள் எந்தெந்த ஊர் அலமாரிகளில் மஞ்சளித்துக்கொண்டிருக்கின்றன என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது மூன்றாம் பருவம், கைபேசியின் காலம். எல்லோர் கையிலும் கேமரா இருக்கும் இந்தக் காலத்தில்தான் போர்க்கப்பலில் படம் எடுப்பது முன்னெப்போதையும்விடக் கடினமாகியிருக்கிறது. காரணம் உண்டு. கைபேசிப் படம் தன்னோடு நேரத்தையும் இடத்தையும் சுமந்து போகிறது. பின்னணியில் தற்செயலாக விழும் ரேடார், ஏவுகணைப் பெட்டி, கணினித்திரை ஆகியவற்றைத் தெரிந்தவர் பெரிதாக்கிப் படிப்பார். அமெரிக்க நீர்மூழ்கி அலெக்சாண்ட்ரியாவில் 2009இல் ஒரு மாலுமி அணுஉலைப் பகுதியைக் கைபேசியில் எடுத்தார். அந்தக் கைபேசி 2012இல் குப்பைக் கிடங்கில் கிடைக்க, 2016இல் சிறைத் தண்டனை. 2025 ஜனவரியில் பிரெஞ்சு நாளேடு ‘லெ மோந்த்’, அணு நீர்மூழ்கி மாலுமிகளின் ஓட்டப்பயிற்சிச் செயலியைக் கொண்டே ரோந்து நாள்களை ஊகிக்கலாம் என்று காட்டியது. இந்தியாவில் 2019 டிசம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் ஏழு கடற்படையினரை ஆந்திரக் காவல்துறை கைது செய்தது. சமூக வலைத்தளம் வழியாக வலைவீசப்பட்டவர்கள் என்பது புகார். அதே மாதம் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனையும் சமூக வலைத்தளங்களையும் கடற்படை தடை செய்தது. 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் அரசுக் கப்பலைத் தடைசெய்யப்பட்ட இடத்தில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது.

தடையை நான் குறைசொல்லவில்லை. ஒரு படத்தால் ஒரு கப்பலின் உயிர்கள் போகலாம் என்றால் படம் வேண்டாம். ஆனால் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1914இன் கீழ்த்தளம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும், 1985இன் கீழ்த்தளமும் ஆல்பங்களில் இருக்கிறது. 2020களின் கீழ்த்தளம் ஐம்பது ஆண்டு கழித்து யாருக்கும் தெரியாமல் போகலாம். விளம்பரப் பிரிவு வெளியிடும் பளபளப்பான காட்சிகள் மட்டுமே மிஞ்சும். பெண்கள் நம் போர்க்கப்பல்களில் பணிபுரியும் ஆண்டுகள் இவை. இவற்றின் அன்றாடம் பதிவாகாமல் போவது சிறிய இழப்பல்ல. வழி இல்லாமல் இல்லை. இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு சாதாரணக் கேமராவைக் கப்பல் பொதுவில் வைத்து, ஓய்வு நேரத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கவிட்டு, படங்களைக் கப்பலின் பெட்டகத்திலேயே பூட்டி, பாதுகாப்பு அதிகாரி பார்த்தபின், கப்பல் ஓய்வு பெற்று ஐந்தோ பத்தோ ஆண்டு கழித்துத் திறந்துவிடலாம். தாரிணியின் பயணத்தில் கடற்படையே படங்களைத் தேர்ந்து வெளியிட்டது. இரண்டு பேரின் கண்ணை நம்ப முடியும் என்றால் இருநூறு பேரின் கண்ணை, தக்க காவலோடு, நம்பலாம்.

பழைய ஆல்பங்களாலோ அத்தனை காலமும் பொறுக்க முடியாது. நம் ஊர்க் காற்றின் ஈரம் படத்தின் பசைப் படலத்தில் பூஞ்சை பிடிக்கவைக்கும். எண்பதுகளில் வந்த, பிளாஸ்டிக் தாளை உரித்து ஒட்டும் ஆல்பங்கள் இன்னும் மோசம். அந்தப் பசையிலிருந்து படத்தைப் பிய்த்தால் முகமே கிழிந்து வரும். பழைய ஃபிலிம் சுருளில் புளித்த காடி வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்ற சுருள்களிலிருந்து உடனே பிரித்துவைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வேண்டிய அறிவு இதே ஊரில் இருக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கடற்கரையோரம் காத்துவருகிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களைத் தேடிப்போய் மின்னுருவாக்கிய திட்டமும் அங்கிருந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நடந்தது. கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் வரலாற்றுச் சான்று என்பதை அந்தத் திட்டம் நிறுவியிருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு இருக்கிறது. முன்னாள் சொல்தாக்கள் கூடும் இல்லம் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தைப் படிக்கவும் தமிழில் விசாரிக்கவும் தெரிந்த இளைஞர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வேறு எந்தத் தமிழூரிலும் இவை ஒருசேரக் கிடையா. இல்லாதது, ‘உங்கள் ஆல்பத்தைக் காட்டுங்கள்’ என்று கதவைத் தட்டும் ஒரு முயற்சி.

தட்டுகிறவர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த வீட்டு மேசையிலேயே வைத்து, பக்கத்தைக் கலைக்காமல், முதலில் பக்கம் முழுவதையும், பிறகு ஒவ்வொரு படத்தையும், எடுக்க வந்தால் அதன் முதுகையும் மின்னுருவாக்க வேண்டும். ஆல்பத்தின் வரிசையும் எடுத்தவரின் கருத்துதான், அதைக் குலைக்கக் கூடாது. பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்து இவர் யார், எந்த ஊர், கப்பலில் என்ன வேலை, பிறகு என்ன ஆனார் என்று கேட்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களின் வீடுகளுக்கு முதலில் போக வேண்டும்.